அவளுக்கு என்ன கிடைத்தது?

பத்திரிகைகளில் அவ்வப்போது ஒரு செய்தி வருகிறது. சிறுமியைப் பலாத்காரம் செய்தவனுக்கு 20 வருஷக் கடுங்காவல். அபராதம் இத்தனை ஆயிரம். காலைக் காப்பியுடன் அதைப் படித்துவிட்டு, "சரியான தண்டனை! இன்னுங்கூடக் கொடுத்திருக்கலாம்" என்று சொல்லிக்கொள்கிறோம். மனத்துக்கு ஒரு திருப்தி உண்டாகிறது. பக்கத்தைத் திருப்பிச் சினிமாச் செய்திக்குப் போய்விடுகிறோம். குற்றவாளியை எந்தச் சிறையில் அடைத்தார்கள் என்பதுவரை செய்தியில் இருக்கிறது. அந்தப் பெண் எங்கே போனாள்? வைத்தியச் செலவுக்கு யார் கொடுத்தார்கள்? அவள் படிப்பு என்ன ஆயிற்று? இவற்றைப் பற்றி ஒன்றும் இருப்பதில்லை. இருந்தாலும், "நஷ்ட ஈடு வழங்கவும் நீதிபதி உத்தரவிட்டார்" என்று கடைசி வரியில் இருக்கும். இடம் போதாவிட்டால் அச்சுக்கூடத்தில் முதலில் வெட்டப்படும் வரி அதுதான்.

இந்த வாரம் அந்தக் கடைசி வரியைப் பற்றி நேயர்களிடம் கொஞ்சம் விஸ்தாரமாகப் பேச உத்தேசித்திருக்கிறோம். விஷயம் இனிமையானதல்ல. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு வருகிற பத்திரிகையில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். குழந்தைகள் இருக்கும் வீடாக இருப்பதனாலேதான் எழுதுகிறோம்.

தர்மபுரி ஜில்லாவில், சித்தேரி மலையின் அடிவாரத்தில், வாச்சாத்தி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. மலைவாழ் மக்கள் வசிக்கும் ஊர். 1992ஆம் வருஷம் ஜூன் மாதம் 20ந் தேதி, சந்தனக் கட்டை பதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு, வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆகிய மூன்றையும் சேர்ந்த சர்க்கார் ஊழியர்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். மலைஜாதிப் பெண்கள் சொல்வதை யார் நம்புவார்கள் என்ற தைரியந்தான் அவர்களுக்குத் துணை. அந்தத் தைரியம் வெகு காலம் பலிக்கவும் செய்தது. ஹைகோர்ட்டு உத்தரவின்மேல் 1995ஆம் வருஷத்தில் விசாரணை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் போன பிறகே வழக்கு நகர்ந்தது. தர்மபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்த தேதி 2011 செப்டம்பர் 29. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 269 பேரும் குற்றவாளிகளே என்று தீர்ப்பாயிற்று. அதற்குள் 54 பேர் இந்த உலகத்தை விட்டே போயிருந்தார்கள். மிஞ்சியவர்கள் அப்பீல் செய்தார்கள். சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 2023 செப்டம்பர் 29ந் தேதி, சென்னை ஹைகோர்ட்டு அந்த அப்பீல்களைத் தள்ளிற்று.

அன்றைய தீர்ப்பிலேதான் நாம் சொன்ன கடைசி வரி இருக்கிறது. அந்தப் பதினெட்டுப் பெண்கள் ஒவ்வொருவருக்கும், அவர்களில் இறந்து போனவர்கள் விஷயத்தில் குடும்பத்தாருக்கும், 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும். அதில் பாதியைப் பலாத்காரக் குற்றவாளிகளிடமிருந்து சர்க்கார் வசூல் செய்துகொள்ள வேண்டும். அவர்களுக்கோ குடும்பத்தாருக்கோ பிழைப்புக்கு ஓர் உத்தியோகமோ சுயதொழிலோ ஏற்படுத்தித் தரவேண்டும் என்று உத்தரவாயிற்று.

வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்குக் கொடுப்பதுபோல நாமும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 10 லட்சத்தை 31 வருஷத்தால் வகுத்து, அதை மறுபடியும் 12ஆல் வகுத்தால், மாதத்துக்குச் சுமார் 2,700 ரூபாய் வருகிறது. இது ஒரு பெரிய தொகையென்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆயினும் நமக்கு அந்த வரி முக்கியமாகத் தோன்றுகிறது. அடித்தவனைத் தண்டிப்பது ஒன்று. அடிபட்டவளுக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பது மற்றொன்று. நம் நாட்டில் முதல் காரியத்தைப் பற்றி நடக்கும் பேச்சில் நூற்றில் ஒரு பங்குகூட இரண்டாவதைப் பற்றி நடப்பதில்லை.

கிரிமினல் வழக்கு என்பது சர்க்காருக்கும் குற்றவாளிக்கும் நடுவே நடக்கிற வழக்கு. வழக்குத் தொடுப்பது சர்க்கார்; வாதிப்பது சர்க்கார் வக்கீல்; அநீதிக்கு ஆளான பெண்ணோ அதில் ஒரு சாட்சி. கூப்பிட்டபோது வரவேண்டும், கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும், போகச் சொன்னால் போகவேண்டும். நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றம் ருசுவானால்தான் தண்டனை. ஒரு மனிதனுடைய சுதந்திரத்தைப் பறிப்பதற்கு அவ்வளவு கண்டிப்பு அவசியந்தான். அதில் நமக்கு ஆட்சேபம் கிடையாது. ஆனால் குற்றம் ருசுவாகவில்லை என்பதற்கும் குற்றம் நடக்கவே இல்லை என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஊரார் கவனிப்பதில்லை. "அவன்தான் விடுதலையாகிவிட்டானே!" என்று அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

சிவில் வழக்கின் போக்கு வேறு. அங்கே அவளே வாதி. தொடுப்பதும், நடத்துவதும், நிறுத்துவதும் அவள் இஷ்டம். இரு தரப்புச் சாட்சியத்தையும் தராசில் வைத்து, எது நம்பத்தக்கதாக இருக்கிறதோ அந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்லுவது சிவில் சட்டத்தின் முறை. கிரிமினல் வழக்கு நடந்தாலும் நடக்காவிட்டாலும் இந்த உரிமை அவளுக்கு உண்டு.

இங்கேதான் நம்மவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். நமக்குத் தெரிந்த ஒரு தகப்பனார், நல்ல மனிதர், சொந்த உழைப்பில் மகளைப் படிக்க வைத்தவர், கேட்டே விட்டார். "போனது போயிற்று, சார். அதற்குப் பணம் வாங்கித் தின்னச் சொல்கிறீர்களா? மானத்துக்கு விலையா?" அவர் குரலில் இருந்த வேதனையைப் பார்த்து நம்மால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

அந்தக் கேள்வியிலுள்ள பிசகுக்கு அவர் காரணமல்ல. நம்முடைய பாஷையே காரணம். வெகு காலமாகப் பத்திரிகைகளில் இந்தக் குற்றத்துக்குக் 'கற்பழிப்பு' என்ற பெயர் வழங்கி வந்தது. அந்தப் பெயரை வைத்ததுமே, அழிந்து போனது அவளுடைய பொருள் என்றும், அது திரும்பி வராது என்றும், இனி நஷ்ட ஈடு என்று பேசினால் அழிந்துபோன சரக்குக்குப் பேரம் பேசுவதாகும் என்றும் ஆகிவிடுகிறது. இப்போது பல பத்திரிகைகள் அந்தச் சொல்லை விட்டு விட்டன. நல்ல காரியம். மானம் போனது செய்தவனுக்கே அன்றி அவளுக்கு அல்ல. அவளுக்கு நேர்ந்தது காயம். காயத்துக்கு வைத்தியம் உண்டு; வைத்தியத்துக்குச் செலவு உண்டு; தூங்காத இரவுகளும், நின்றுபோன படிப்பும், விட்டுப்போன வேலையும் உண்டு. இவற்றையெல்லாம் அவளும் அவள் பெற்றோருமே சுமக்க வேண்டும் என்று எந்த நியாயம் சொல்லுகிறது? பஸ் மோதிக் கால் ஒடிந்தவனுக்கு நஷ்ட ஈடு வாங்கினால், "காலுக்கு விலை பேசினான்" என்று நாம் சொல்லுவதுண்டா?

அந்தத் தகப்பனாருடைய கூச்சத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது உண்மையான காரணம். கிராமங்களில் இத்தகைய சமயங்களில் பெரிய மனிதர்கள் கூடுவார்கள். பையன் வீட்டார் இவ்வளவு தரவேண்டும், பெண் வீட்டார் பிராதை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தீர்த்து வைப்பார்கள். சில இடங்களில் அவனுக்கே அவளைக் கட்டிக் கொடுத்துவிடவும் சொல்லுவார்கள். அப்படிக் கைமாறுவது வாயை அடைக்கிற பணம். அதை வாங்க மறுத்தவர் சுயமரியாதை உள்ளவரே. ஆனால் சட்டம் கொடுக்கச் சொல்லும் நஷ்ட ஈடு அந்த ஜாதியைச் சேர்ந்ததல்ல. அதை வாங்குகிறவள் எந்த வழக்கையும் விட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு வார்த்தையையும் விழுங்க வேண்டியதில்லை.

இந்த வித்தியாசம் படித்தவர்களுக்குக்கூட மறந்து போவதுண்டு. 2015 ஜூனில் சென்னை ஹைகோர்ட்டில் ஒரு விசித்திரம் நடந்தது. கடலூர்ப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு பலாத்கார வழக்கில், தண்டனை பெற்றுச் சிறையிலிருந்தவன் அந்தப் பெண்ணுடன் சமரசம் பேசுவதற்காக ஜாமீனில் விடப்பட்டான். குற்றம் நடந்தபோது அவள் மைனர். அதனால் ஒரு குழந்தைக்குத் தாயும் ஆனவள். தனக்குச் சமரசம் ஒன்றும் வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். ஜூலை முதல் தேதியன்று, மத்தியப் பிரதேசத்து வழக்கு ஒன்றில், பலாத்கார வழக்குகளில் சமரசம் என்ற பேச்சுக்கே எந்தச் சந்தர்ப்பத்திலும் இடமில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு கண்டிப்பாகச் சொல்லிற்று. அதே மாதத்தில் சென்னை உத்தரவும் வாபஸாயிற்று. ஒரு கிராமத்துப் பெண்ணுக்குத் தெரிந்தது, சட்டப் புஸ்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சிறிது தாமதமாகத் தெரிந்தது.

இனி, கதவுகள் எவை என்று பார்ப்போம்.

குழந்தைகள் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறோம். நாம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிப் பிழைக்கிறவர்கள். நம் கவலை முதலில் அங்கேதான் போகிறது. 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் உரியது; பெண் குழந்தைக்கு எவ்வளவோ ஆண் குழந்தைக்கும் அவ்வளவு. "பையனுக்கு என்ன வந்தது?" என்று அலட்சியமாக இருந்துவிடும் பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்தச் சட்டத்தின் கீழ் உள்ள விசேஷ நீதிமன்றம் தண்டனையோடு நஷ்ட ஈட்டுக்கும் உத்தரவிடலாம். தீர்ப்பு வருகிறவரையில் காத்திருக்க வேண்டும் என்பதில்லை. போலீஸில் முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் இடைக்கால நஷ்ட ஈடு கேட்கலாம். 2020ஆம் வருஷத்து விதிகள் இதைத் தெளிவாகச் சொல்லுகின்றன. இன்னும் ஒன்று சொல்லுகின்றன. அதை நேயர்கள் இரண்டு தடவை படிக்க வேண்டும். குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தாலும் சரி, அவன் விடுதலையானாலும் சரி, அவன் இன்னான் என்றே அகப்படாமற் போனாலும் சரி, குழந்தைக்குத் தீங்கு நேர்ந்திருக்கிறது என்று நீதிமன்றம் கருதினால் நஷ்ட ஈடு தரச் சொல்லலாம். உத்தரவு கிடைத்த 30 நாளைக்குள் சர்க்கார் பணம் கொடுக்க வேண்டும். அவசரமாகச் சாப்பாட்டுக்கும், துணிக்கும், போக்குவரத்துக்கும் பணம் வேண்டியிருந்தால், குழந்தைகள் நலக் குழு சிபார்சு செய்து ஒரு வாரத்துக்குள் வாங்கித் தரவும் விதியில் வழி இருக்கிறது.

தொகையை நிர்ணயிக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று விதியில் ஒரு நீண்ட ஜாபிதா இருக்கிறது. வைத்தியச் செலவு, செய்தவனுக்கும் குழந்தைக்கும் உள்ள உறவு, ஒரு தடவை நடந்ததா பல நாள் நடந்ததா என்பவை எல்லாம் அதில் அடங்கும். நம் கண்ணில் பட்டது வேறொன்று. மனக்கலக்கத்தினாலோ, காயத்தினாலோ, வைத்தியத்துக்காகவோ, போலீஸ் விசாரணைக்காகவோ, கோர்ட்டுக்குப் போனதனாலோ குழந்தை பள்ளிக்கூடத்துக்கு வர முடியாமற் போனதையும் நஷ்டமாகக் கணக்கிட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. சட்டம் எழுதினவர்களில் யாரோ ஒருவருக்குப் பள்ளிக்கூடம் ஞாபகத்தில் இருந்திருக்கிறது. வாழ்க!

வகுப்பில் ஒரு குழந்தை திடீரென்று வராமற் போகிறது. வந்தாலும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறது. நன்றாக எழுதின கை பரீட்சையில் வெறும் காகிதத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து போகிறது. நாமோ பதிவேட்டில் 'ஆஜரில்லை' என்று குறித்துவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிடுகிறோம். பிறகு, வருகை போதாது, பரீட்சை எழுத அனுமதியில்லை என்று வீட்டுக்குக் கடிதம் போகிறது. அந்தப் பதிவேடுதான் நாளைக்கு நீதிமன்றத்தில் குழந்தைக்குச் சாட்சி. எத்தனை நாள் போயிற்று, எந்த மாதத்திலிருந்து மார்க்குக் குறைந்தது என்பதற்கு அதைவிடச் சிறந்த தஸ்தாவேஜு கிடையாது. உபாத்தியாயர்கள் கேளாமலே அதற்கு நகல் எடுத்துக் கொடுக்கலாம். தெரிந்தும் பேசாமல் இருப்பதற்கு, அதாவது குற்றத்தைத் தெரிவிக்காமல் மறைப்பதற்கு, அதே சட்டத்தில் ஆறு மாதம் வரை சிறை இருக்கிறது. ஸ்தாபனத்தின் தலைவர் தம் கீழுள்ளவர் செய்ததை மறைத்தால் ஒரு வருஷம் வரை. பள்ளிக்கூடத்தின் நல்ல பெயருக்காக மூடி வைக்கிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிப்பது நல்லது.

வயது வந்த பெண்களுக்கும் சர்க்கார் நிதி உண்டு. 2009ஆம் வருஷக் கடைசியில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357-ஏ என்ற பிரிவு புகுந்தது. இப்போது 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய சட்டத்தில் அது 396ஆவது பிரிவாக இருக்கிறது. குற்றவாளி அகப்படாமல் வழக்கே நடக்காவிட்டாலும், பாதிக்கப்பட்டவர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு மனுச் செய்துகொள்ளலாம். இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். எவ்வளவு கிடைக்கும்? மாகாணத்துக்கு ஒரு விதமாக இருந்ததை ஒழுங்கு செய்வதற்காகத் தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஒரு திட்டம் வகுத்தது. சுப்ரீம் கோர்ட்டு அதை ஒப்புக்கொண்டு 2018ஆம் வருஷம் காந்தி ஜயந்தி முதல் நாடெங்கும் அமல் நடத்தச் சொல்லிற்று. அதன்படி பலாத்காரத்துக்குக் குறைந்தது 4 லட்சம், அதிகம் 7 லட்சம். பலர் கூடிச் செய்த கொடுமைக்கு 5 முதல் 10 லட்சம். முடிவு திருப்தியாயில்லை என்றால் மாநில ஆணைக்குழுவுக்கு அப்பீல் உண்டு. பணத்தின் பெரும் பகுதியைக் குறைந்தது மூன்று வருஷத்துக்கு அவள் பெயரில் பாங்கில் நிலையான டிபாஸிட்டாகப் போட்டு வைக்க வேண்டும் என்பது திட்டம். மாமாவும் சித்தப்பாவும் கடன் கேட்டு வந்து நிற்பார்கள் என்பது திட்டம் வகுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது!

அடுத்தது வீடு. செய்தவன் அந்நியன் என்றால் ஊரே அவன்மேல் பாயும். வீட்டுக்குள் இருப்பவன் என்றால்? புருஷன் மனைவியிடம் பலவந்தமாக நடந்துகொள்வதை, மனைவிக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருந்தால், நமது தண்டனைச் சட்டம் பலாத்காரம் என்று கொள்ளுவதில்லை. 1860ஆம் வருஷத்துப் பழைய சட்டத்தின் அந்த விதிவிலக்கை 2023ஆம் வருஷத்துப் புதிய சட்டமும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டது. இது நியாயமா என்பதைப் பற்றி நம் அபிப்பிராயம் நேயர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். ஆனால் தண்டனைச் சட்டம் கண்ணை மூடிக்கொண்ட இடத்தில் 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறது. அடிப்பதும் வைவதும் போலவே, பெண்ணின் கௌரவத்தைக் குலைக்கும் பாலியல் கொடுமையும் அந்தச் சட்டத்தில் வன்முறைதான். செய்கிறவன் புருஷனாயினும் சரியே. மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்தால், அவன் அவளை அணுகக் கூடாது என்று உத்தரவு வாங்கலாம். வைத்தியச் செலவும் ஜீவனத்துக்குப் பணமும் வாங்கலாம். மன வேதனைக்காகத் தனியே நஷ்ட ஈடும் வாங்கலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருஷம் வரை சிறை. மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அறுபது நாள் நீண்டுகொண்டே போகும் என்பதை மறைப்பதில் பயனில்லை. பல காலத்துக்கு முன் நடந்தது என்பதற்காக மனுவைத் தள்ளக் கூடாது என்று, நம் சென்னையிலிருந்து போன ஒரு வழக்கிலேயே, 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

இந்தச் சட்டம் மனைவிகளுக்கு மட்டும் ஏற்பட்டதல்ல. ஒரே வீட்டில் உறவாக வாழ்கிற மகளும், சகோதரியும், தாயும் மனுச் செய்யலாம். மைனர் பெண்ணுக்காக வேறொருவர் செய்யலாம். வழக்கமாக என்ன நடக்கிறது? சித்தப்பாவின் நடத்தை சரியில்லை என்று தெரிந்ததும், பெண்ணைப் பாட்டி ஊருக்கு அனுப்புகிறார்கள். அல்லது ஹாஸ்டலில் சேர்க்கிறார்கள். தப்புச் செய்தவன் கூடத்தில் ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருக்கிறான்; செய்யாதவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறாள். இந்தச் சட்டத்திலோ அந்த ஆணை வீட்டை விட்டு வெளியேற்றவே மாஜிஸ்திரேட்டு உத்தரவிடலாம். பெண்ணின் பள்ளிக்கூடமும், படுக்கையும், சிநேகிதிகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். எந்த லட்ச ரூபாயைக் காட்டிலும் இந்த ஓர் உத்தரவு பெரிதென்று நமக்குத் தோன்றுகிறது.

வேலை செய்யும் இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 2013ஆம் வருஷத்துச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் புகார்க் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தக்க காரணமிருந்தால் இன்னும் மூன்று மாதம் தவணை உண்டு. குழு சிபார்சு செய்தால் குற்றவாளியின் சம்பளத்திலிருந்தே நஷ்ட ஈட்டைப் பிடித்துக் கொடுப்பார்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும், சிறு கடைகளில் வேலை செய்பவர்களும் ஜில்லாவிலுள்ள உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். இந்தச் சட்டத்தில் சமாதானத்துக்கு இடமிருக்கிறது. ஆனால் அந்தச் சமாதானத்துக்குப் பணம் ஆதாரமாக இருக்கக் கூடாது என்று அங்கேயே ஒரு வரி போட்டிருக்கிறார்கள். மேலே சொன்ன தகப்பனாருக்கு அந்த வரியைக் காட்ட ஆசைப்பட்டோம்.

கடைசியாக, அசல் சிவில் தாவா. தனக்குச் செய்த தீங்குக்காக அவனிடமே நஷ்ட ஈடு கோருவது. இங்கிலீஷ் சட்டம் வழங்கும் நாடுகளில் இது சர்வசாதாரணம். நம் தேசத்தில் அபூர்வம். காரணங்கள் தெரிந்தவையே. தாவா வருஷக்கணக்கில் நடக்கும். நம் தமிழ் நாட்டில் கேட்கும் தொகைக்கு நூற்றுக்கு மூன்று வீதம் கோர்ட்டுக் கட்டணம். ஜயித்தாலும் அவனிடம் சொத்து இல்லையென்றால் டிக்ரியைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் செய்தவன் ஏழையானாலும் அவனுக்கு மேலே இருந்த ஸ்தாபனம் ஏழையாயிருக்க வேண்டுமென்பதில்லை. விடுதி நடத்துகிறவர்கள், பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள், பஸ் நடத்துகிறவர்கள், தங்கள் ஊழியன் தன் வேலையைச் சாக்காக வைத்துச் செய்த கொடுமைக்குப் பதில் சொல்ல வேண்டாமா? இந்த வழியில் நம்மவர்கள் போதிய அளவு போய்ப் பார்க்கவில்லை என்பது நம்முடைய அபிப்பிராயம்.

போய்ப் பார்த்தவர்கள் இல்லாமலில்லை. 1998ஆம் வருஷத்தில், வங்காள தேசத்திலிருந்து வந்த ஒரு பெண்மணியை, ஹௌரா ஸ்டேஷனைச் சேர்ந்த ரயில்வே விடுதியில் சிலர் பலாத்காரம் செய்தார்கள். அவர்களில் ரயில்வே ஊழியர்களும் இருந்தார்கள். கல்கத்தா ஹைகோர்ட்டு வக்கீல் சந்திரிமா தாஸ் என்ற அம்மையார் ரயில்வேமேல் வழக்குத் தொடுத்தார். அந்தப் பெண் அவருக்கு உறவுமில்லை, நாட்டுக்காரியுமில்லை. "ஊழியர்கள் தனிப்பட்ட முறையில் செய்ததற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு? அதிலும் அந்நிய தேசத்தாள்!" என்று ரயில்வே வாதித்தது. 10 லட்சம் கொடு என்றது ஹைகோர்ட்டு. 2000ஆம் வருஷம் ஜனவரி மாதம் சுப்ரீம் கோர்ட்டு அதை ஊர்ஜிதம் செய்தது. உயிரோடும் கண்ணியத்தோடும் வாழும் உரிமை, இந்த மண்ணில் கால் வைத்த எவருக்கும் உண்டு என்று சொல்லிற்று.

சிவில் தாவாவுக்குக் காலக்கெடு உண்டு; பொதுவாக மூன்று வருஷம். பெரியவர்கள் சும்மா இருந்துவிட்டார்கள் என்பதற்காகக் குழந்தையின் உரிமை போய்விடாது. 1963ஆம் வருஷத்துக் காலவரம்புச் சட்டத்தின்படி மைனர் பருவம் கணக்கில் சேருவதில்லை. பதினெட்டு நிரம்பிய நாளிலிருந்துதான் அந்த மூன்று வருஷம் ஓட ஆரம்பிக்கும். எட்டாம் வகுப்பில் வாயை மூடச் சொன்ன பெண், காலேஜில் படிக்கும்போது, இருபத்தொரு வயது வரையில், தானே வாதியாக நின்று கேட்கலாம். பிள்ளைகளை வளர்த்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அந்தப் பிள்ளைகளுக்குத்தான் எத்தனை பேருக்குத் தெரியும்?

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 1987ஆம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவாயிருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. ஏழையென்று அத்தாட்சி காட்ட வேண்டியதில்லை. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் ஆபீஸ் பெரும்பாலும் ஜில்லா கோர்ட்டு வளாகத்துக்குள்ளேயே இருக்கும். தாலுகாக் கோர்ட்டில் தாலுகாக் குழு இருக்கும். 15100 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தும் கேட்கலாம். பெயர் வெளியாகுமோ என்ற பயத்துக்கும் சட்டம் இடம் வைக்கவில்லை. பாதிக்கப்பட்டவர் இன்னார் என்று தெரியும்படி அச்சிடுவதே குற்றம். போகிறவர்கள் போலீஸில் கொடுத்த அறிக்கையின் நகல், ஆஸ்பத்திரிச் சீட்டுகள், வைத்தியத்துக்கும் பிரயாணத்துக்கும் செலவழித்த ரசீதுகள், படிக்கிற பிள்ளையானால் மார்க்குப் பட்டியல், இவற்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ரசீது இல்லாத செலவைத் தேதி போட்டு ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டாலும் உதவும்.